பன்னிரண்டு தந்தி கிட்டாருக்கு உலோக விரல் பிக் வாங்கலாமா?

நகம் வளர்த்து பன்னிரண்டு தந்தி கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்த 0.018 அங்குலத் தடிமன் நிக்கல் சில்வர் விரல் பிக்கை, அதாவது தந்தியை மீட்ட விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தகட்டை, தாராளமாக வாங்கலாம். மொத்தம் ஆறு ஜோடித் தந்தி, அதில் கீழ்ஸ்தாயிப் பக்கத்து நாலு ஜோடியிலும் ஒன்று தடிமன், இன்னொன்று ஒரு ஸ்தாயி மேலே பேசும் மெல்லிசு. கட்டைவிரல் கீழே வரும்போது பெரும்பாலும் மெல்லிசில்தான் முதலில் படும், மற்ற விரல்கள் மேலே இழுக்கும்போது தடிமனை மட்டும் தட்டிவிட்டு மெல்லிய தந்தியைத் தவறவிட்டுவிடும். நகம் திணறுவது அங்கேதான், போதாததற்கு ஸ்டீல் தந்தியில் ஓரம் பிளந்து போகும். பிக்கை விரல் நுனிக்கு ஒட்டி வளைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

குறை என்றால் உலோகம் தந்தியில் உரசும் அந்தக் கிரீச் சத்தம். ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வீட்டு வளவில் அது இரட்டிப்பாகக் கேட்கும், "கத்தியா தீட்டுறே?" என்று உள்ளேயிருந்து அப்பத்தா குரல் வரும். சித்திரை வெயிலில் விரல் வியர்த்து பிக் சுழல்கிறது, இறுக்கினால் வலிக்கிறது. பிளாஸ்டிக் கட்டைவிரல் பிக் பரவாயில்லை, வெந்நீரில் முக்கி விரித்துக்கொள்ளலாம்.

பழைய அமெரிக்க நாட்டுப்புற, புளூஸ் பாடகர் லெட் பெல்லி பிக் போட்டுத்தான் பன்னிரண்டு தந்தியை அதிர வைத்தார். அமெரிக்க கிட்டார் கலைஞர் லியோ காட்கியும் அப்படித்தான் ஆரம்பித்தார், அப்புறம் கைவலி வந்து கழற்றி வைத்துவிட்டார். காரைக்குடியில் நான் கேட்ட கடையில் விரலிடுக்கில் பிடித்து வாசிக்கும் தட்டை பிக் மட்டும்தான் இருந்தது, கூரியரில்தான் வரவழைக்க வேண்டும்; வாங்குவதே வாங்குகிறீர்கள், மோதிரவிரலுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.