சான்றிதழ் ஒன்றுக்கு, வந்த ட்சுபா வேறொன்று: 1,48,000 யென் போச்சு. யாரும் ஏமாறாதீர்கள்

ஜப்பானிய வாளின் காப்புத் தகடான ட்சுபா ஒன்றை இணைய ஏலத்தில் வாங்கினேன். பார்சல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். அதே விற்பனையாளர் அடுத்த ட்சுபாவை ஏலத்தில் போட்டுவிட்டார், அதன் கீழேயும் "சான்றிதழ் உண்டு" என்றுதான் இருக்கிறது.

ஜப்பானியப் பழம்பொருள்களை இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் அதில் நேரடியாக வாங்க முடியாது, நம் சார்பில் ஏலம் கேட்டு அனுப்பிவைக்கும் ஏஜென்சி வழியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை. பொருள்: ஓவாரி (இன்றைய நகோயா பகுதி) பாணி இரும்பு ட்சுபா, அதாவது வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நிற்கும் காப்புத் தகடு. ஊடுதுளை வேலைப்பாடு, முரோமாச்சி காலத்துக் கடைசி (16ஆம் நூற்றாண்டு) என்று விவரம். உயரம் 79.8 மி.மீ. விலை 1,48,000 யென். தபால், ஏஜென்சி கட்டணம், சுங்கவரி எல்லாம் இதற்கு மேல்.

நம்ப வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஏலம் முடியும் முன் மூன்று படங்கள் கேட்டேன்: துளைகளின் உட்சுவர், வாளின் வால் நுழையும் நடுத்துளையான நகாகோ-அனா, சான்றிதழ். சான்றிதழின் படம் எழுத்து எழுத்தாகத் தெரியும்படி வந்தது. மற்ற இரண்டும் மங்கல். தெளிவாக வேண்டும் என்று திரும்பக் கேட்டதற்கு மிகுந்த மரியாதையோடு பதில்: "பழைய வீட்டுக் களஞ்சியத்திலிருந்து நேராக வந்தது. தேர்வுக் குழு பார்த்துத் தாள் கொடுத்திருக்கிறது, அதற்கு மேல் நான் என்ன சொல்ல?" நியாயமாகத்தானே தெரிகிறது? 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கத்தின் 'ஹோசோன்' (பாதுகாக்கத் தக்கது) தாள் அது. வாள் அணிகலன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான். ட்சுபாவின் புகைப்படம் அதிலேயே ஒட்டியிருக்கும். படத்திலிருந்த வேலைப்பாடும் ஏலத்துக்கு வந்த வேலைப்பாடும் ஒன்றேதான்.

ஒன்றாக இருந்ததுதான் சூது. அசல் ட்சுபாவிலிருந்து அச்செடுத்து, இரும்பை உருக்கி வார்த்த நகல் இது. பெட்டியில் வந்த 'சான்றிதழ்' கலர் பிரிண்ட்.

எப்படித் தெரிந்தது என்பதை விரிவாகச் சொல்கிறேன், அடுத்து வாங்குகிறவருக்கு உதவும்.

முதலில் அளவு. வெர்னியர் காலிப்பர் வைத்தால் உயரம் 79.0 மி.மீ. தான். வார்ப்பிரும்பு இறுகும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். 79.8இல் 1 சதவீதம் போனால் 79.0. விவரத்தில் போட்டிருந்தது அசலின் அளவு, கைக்கு வந்தது சுருங்கிய நகல். காலிப்பரில் ஒரு முறை பிசகலாம் என்பதால் உயரம், அகலம், நடுத்துளையின் நீளம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது அளவுப் பிழையே இல்லை.

அடுத்தது துளைகளின் உட்சுவர். அசல் வேலையில் அடித்துத் தட்டையாக்கிய இரும்புத் தகட்டில் துளையிட்டு, அறுத்து, அரம் போட்டு வடிவம் கொண்டுவருவார்கள். சுவர் செங்குத்தாக நிற்கும், மூலைகள் கூர்மையாக இருக்கும், பத்து மடங்கு லென்ஸில் அரத்தின் கோடுகள் தெரியும். வார்ப்பில் மூலைகள் மழுங்கியிருக்கும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில், தகட்டின் கனத்துக்கு நடுவே மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டைத் தேய்த்து மறைக்கத்தான் பார்ப்பார்கள், ஆனால் அரம் நுழையாத குறுகிய மூலைகளில் அது மிஞ்சிவிடும். இதில் இரண்டு மூலைகளில் மிஞ்சியிருந்தது. மங்கலான படம் எதை மறைத்தது என்று இப்போது புரிகிறதா?

நகாகோ-அனாவைப் பாருங்கள். ஒரு ட்சுபா பல தலைமுறைகளில் பல வாள்களுக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் வால் ஆடாமல் இருக்கத் துளையின் மேலும் கீழும் உளியால் குத்தி இரும்பை உள்ளே தள்ளுவார்கள், இல்லாவிட்டால் செம்புத் துண்டை அடித்து இறுக்குவார்கள். அந்தத் துண்டுக்கு செகிகானே என்று பெயர். உளி குத்திய இடத்தில் உலோகம் பிதுங்கி, விளிம்பு கூராக நிற்கும். வார்ப்பில் உளித்தடமும் சேர்ந்தே வார்ப்பாகிவிடுவதால் வழவழவென்று உருகினாற்போல் இருக்கிறது. இதிலிருந்த செம்பு இறுக்கப்படவே இல்லை. பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், நகத்தால் நெம்பினாலே அசைகிறது. 1,48,000 யென்னுக்குப் பசை!

ஓவாரி ட்சுபாவில் விளிம்பில் தெக்கொட்சு என்ற இரும்பு முடிச்சுகளைத் தேடுவார்கள். கடினமான இரும்பும் மென்மையான இரும்பும் ஒன்றாக அடிபட்டு, காலப்போக்கில் மென்மையானது தேய, கடினமானது புடைத்து நிற்கும். அதனால் முடிச்சு சுற்றியிருக்கும் பரப்பைவிடப் பளபளப்பாகத் தெரியும். இந்தப் பொருளில் முடிச்சுகள் உண்டு, ஆனால் சுற்றுப்பரப்பும் முடிச்சும் ஒரே மாதிரிச் சொரசொரப்பு. லென்ஸில் மேல்பரப்பு முழுதும் ரவை கொட்டினது போல் இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய இரும்பின் கருமையும் பழுப்பும் உலோகத்தோடு சேர்ந்த ஆக்ஸைடு படலம், அசிட்டோனில் கரையாது. நடுத்துளையின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு முறை தேய்த்தால் போதும். பழைய மெழுகும் எண்ணெயும் லேசான பழுப்பு அழுக்காக வரலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இதில் பஞ்சு கறுப்பாகி, அடியில் சாம்பல் நிற இரும்பு எட்டிப்பார்த்தது. தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள். அடித்த இரும்பு கணீரென்று ஒலிக்கும், வார்ப்பு மொத்தென்று கேட்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் துளைகள் அதிகமான அசல் ட்சுபாவும் மொத்தென்று கேட்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான சான்று குழிகள்தாம். பழைய ஏலப் படங்களைத் தேடியதில் அசலின் படம் கிடைத்தது. இடது விளிம்பில் உள்ள துருக்குழியும் அதன் பக்கத்துச் சிறு கீறலும் இரண்டிலும் அதே இடத்தில், அதே வடிவில். ஒரே வேலைப்பாட்டை இரண்டு கொல்லர்கள் செய்யலாம். ஒரே துரு இரண்டு தகடுகளில் வராது.

இத்தனையையும் படத்தோடு அனுப்பிய பிறகு கிடைத்த பதில்கள்தான் இன்னும் வயிற்றெரிச்சல். விற்பனையாளர்: "புகார், திருப்பி அனுப்புதல் ஏற்கப்படாது என்று எழுதியிருக்கிறதே." தாள் ஏன் நகல் என்று கேட்டால், "சான்றிதழ் படம் பார்வைக்கு மட்டும்." தளம்: "பொருள் கிடைத்ததாக உறுதி செய்யப்பட்டுவிட்டது, பரிவர்த்தனை முடிந்தது." உறுதி செய்தது யார்? நம் ஏஜென்சி! அவர்கள் கிடங்குக்குப் பெட்டி வந்த உடனே பொத்தானை அழுத்திவிட்டார்கள், பெட்டி ஜப்பானைத் தாண்டும் முன்பே கதவு மூடிவிட்டது. ஏஜென்சியைக் கேட்டால், "நாங்கள் அனுப்பிவைப்பவர்கள் மட்டுமே, அசலா போலியா என்று பார்ப்பதில்லை." பிறகு தளம் ஒரு படி மேலே போய், போலி என்று நிபுணர் எழுத்து கேட்டது. சங்கத்தின் தேர்வில் தேறினால் தாள் தருவார்கள், தேறாவிட்டால் பொருள் திரும்பி வரும். 'இது போலி' என்று அவர்கள் சான்றிதழ் அடித்துத் தருவதில்லை. அது தெரிந்துதான் கேட்கிறார்கள். 1,48,000 யென்னில் ஒரு யென்கூடத் திரும்பவில்லை. கட்டிய சுங்கவரியும் போனதுதான்.

1876இல் வாள் அணியத் தடை வந்த பிறகு அணிகலன்கள் வாளிலிருந்து கழன்று தனித்தனியாக உலகமெங்கும் போய்விட்டன. அதனால் எது எங்கிருந்து வந்தது என்பதற்கு வாய்ச்சொல்லைத் தவிர பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "களஞ்சியத்திலிருந்து வந்தது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

நிதானமாக வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது:

உட்சுவரின் தெளிவான படம் தராதவரிடம் ஏலம் கேட்காதீர்கள். தாள் அசலா நகலா, பொருளோடு வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். தாளிலுள்ள படத்தையும் பொருளின் படத்தையும் குழி குழியாக ஒப்பிடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது, இந்த வார்ப்பு அந்தச் சோதனையில் தேறிவிடும். அதே வேலைப்பாடு வேறெங்காவது விற்றிருக்கிறதா என்று படத்தை வைத்தே தேடுங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண் பழக பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ட்சுபா படங்களை இணையத்தில் பாருங்கள். மெனுகி (வாளின் கைப்பிடியில் பதிக்கும் சிறு உலோக அணி) வாங்குகிறவர்கள் பின்பக்கப் படம் கேளுங்கள், மெல்லிய தகட்டைப் பின்னாலிருந்து தட்டிய தடம் இருக்க வேண்டும், கனமாகவும் பொரிபொரியாகவும் இருந்தால் வார்ப்பு. முக்கியமாக, நீங்கள் சொல்லும்வரை 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்தக் கூடாது என்று ஏஜென்சியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், முடியாது என்றால் கிடங்கிலேயே உட்சுவரைப் படமெடுத்து அனுப்பக் கட்டணம் கட்டுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் வேறு ஏஜென்சி பாருங்கள்.