மூக்குக் கழுவும் போத்தல்: அடிக்கடி பீனிசம் வருபவர்கள் வாங்கலாமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசியில் போய் "பீனிசத்துக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்டால், மூக்கடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்துதான் முதலில் கைக்கு வரும். அடுத்தது தடிமன் குளிசை. மூக்குக் கழுவும் பெரிய போத்தல் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். வருடத்தில் நாலைந்து தடவை கன்னம் கனத்து, பச்சைச் சளி வடிந்து அவதிப்படுகிறவர் காசு கொடுக்க வேண்டிய முதல் சாமான் இந்தப் போத்தல்தான். ஆனால் பிழையாகப் பாவித்தால் பலன் இல்லை. தண்ணீர் விஷயத்தில் அசட்டையாக இருந்தால் ஆபத்தும் உண்டு.

சாமானைப் பற்றி முதலில். 240 மில்லிலீற்றர் பிடிக்கும், கையால் அமுக்கக்கூடிய மெத்தென்ற பிளாஸ்டிக் போத்தல். மூடியிலிருந்து அடிவரை இறங்கும் ஒரு மெல்லிய குழாய். மூக்குத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும் குமிழ் மாதிரியான முனை. கூடவே உப்பும் சோடாவும் அளந்து கட்டிய சின்னப் பக்கற்றுகள். நீல்மெட்டின் சைனஸ் ரின்ஸ் பலருக்கும் தெரிந்த பெயர். அதே அமைப்பில் வேறு பெயர்களிலும் வருகின்றன. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். போத்தல் அமுக்க இலகுவாக இருக்க வேண்டும். குழாய் மூடிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். குழாய் தளர்ந்தால் அமுக்கும்போது தண்ணீருக்குப் பதில் காற்றுத்தான் வரும். "பாதியோடு நின்றுவிட்டது" என்று குறை சொல்கிறவர்கள் முதலில் அந்தக் குழாயைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது? கன்னத்து எலும்புக்குள் இருக்கும் குழிக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அதனால் நாம் நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வழிந்து வெளியேறாது. உள்தோலில் இருக்கும் நுண்மயிர்கள்தான் அதை மேலே தள்ளிக்கொண்டுபோய் வாசலில் விடுகின்றன. தடிமனாலோ அலர்ஜியாலோ வாசல் வீங்கி அடைபட்டால் உள்ளே தேங்குகிறது, பிறகு பழுதாகிறது. போத்தல் தண்ணீர் அந்தக் குழிக்குள்ளே போய்ச் சுத்தம் செய்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்யாத மூக்கில் உள்ளே போவது மிகக் கொஞ்சம். வாசலைச் சூழ்ந்திருக்கும் கெட்டிச் சளியையும் தூசியையும் அலர்ஜி தருகிற பொருள்களையும் கழுவி இறக்குவதுதான் அதன் வேலை. அதுவே போதும், நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும்.

சின்ன உப்புநீர் ஸ்பிரே இதற்கு ஈடாகாது. அது மூக்கை ஈரமாக்கும், அவ்வளவுதான். ஒரு துவாரத்தால் தண்ணீரைச் சரித்து ஊற்றுகிற நேத்தி கெண்டி நல்லதுதான், ஆனால் தலையைச் சரியான கோணத்தில் சரிக்கப் பழக வேண்டும். சளி கெட்டியாக இருந்தால் புவியீர்ப்பு மட்டும் போதாது. 20 மில்லிலீற்றர் சிரிஞ்சில் ஊசி இல்லாமல் செய்வோரும் உண்டு. மலிவு, ஆனால் ஒரு போத்தல் அளவுக்கு 12 தடவை நிரப்ப வேண்டும், யாரும் ஒரு கிழமைக்கு மேல் பொறுமையாகச் செய்வதில்லை.

தண்ணீர். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் விடாதீர்கள். குடித்தால் கிருமியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும், மூக்கில் அந்தக் காவல் இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் நெக்லீரியா என்ற அமீபாவால் இறந்தார்கள். மிக அரிதான நோய், வந்தால் பிழைப்பதும் அரிது. அந்த அமீபா சூட்டுத் தண்ணீரை விரும்புவது. கொழும்புத் தொடர்மாடிகளில் தண்ணீர் மொட்டைமாடித் தாங்கியில் நாள்முழுக்க வெயிலில் கிடந்துதானே கீழே வருகிறது; குளோரின் போட்டு வந்த தண்ணீர்தான் என்று அதை நம்பியிருக்க முடியாது. சாதாரண வடிகட்டிக் குடமும் இதற்குப் போதாது. தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 3 தொடக்கம் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள், மூடி வைத்து ஆறவிடுங்கள். மூடிய சுத்தமான பாத்திரத்தில் 24 மணித்தியாலம் வைத்துப் பாவிக்கலாம். காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீர் வாங்கினால் அதுவும் சரி. கடையில் விற்கும் குடிதண்ணீர்ப் போத்தலைக் கிருமி நீக்கியது என்று எண்ண வேண்டாம், அதையும் கொதிக்க வையுங்கள்.

அடுத்தது உப்பு. தனித் தண்ணீர் மூக்கின் உள்தோலை வீங்கவைத்து எரிக்கும். ஆற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரிவது இதனால்தான். நமது உடம்பின் உப்பு அளவு 0.9 சதவீதம், அதாவது 240 மில்லிலீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். பக்கற்றில் இது அளந்து இருக்கிறது. ஆனால் காலை மாலை இரண்டு தரம் கழுவினால் மாதத்துக்கு 60 பக்கற் முடியும், இறக்குமதிச் சாமான் என்பதால் இது கையைக் கடிக்கும். வீட்டிலே செய்யலாம்: 3 தேக்கரண்டி நல்ல தூள் உப்பு, 1 தேக்கரண்டி அப்பச்சோடா, இரண்டையும் கலந்து காற்றுப் புகாத சின்னப் போத்தலில் வையுங்கள். ஒரு தடவைக்கு தட்டையாக வழித்த அரைத் தேக்கரண்டி போதும். வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவில்லை. பாணி மருந்தோடு வரும் 5 மில்லிலீற்றர் கரண்டியை எடுத்துப் பாதி அளவு போடுங்கள். பேக்கிங் பவுடர் போடக் கூடாது, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். இலங்கையில் கடையில் கிடைக்கும் சமையல் உப்பு பெரும்பாலும் அயடின் சேர்த்தது. சிலருக்கு அது உறுத்தும், உறுத்தினால் பக்கற்றுக்கே திரும்பிவிடுங்கள். கட்டி உப்பை இடித்துப் போடுவது வேண்டாம், அதில் மண் இருக்கும்.

இன்னொரு வழி பாமசியில் விற்கும் 500 மில்லிலீற்றர் 0.9 சதவீத சேலைன். கிருமி நீக்கியது, அளவும் சரி. ஒரு போத்தலில் இரண்டு கழுவல். திறந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். குளிராக விட்டால் தலையிடிக்கும், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது குளிரும் தெரியக் கூடாது.

இனிக் கழுவும் முறை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சிங்குக்கு மேலே இடுப்பிலிருந்து குனியுங்கள், முகம் கீழே பார்த்தபடி இருக்கட்டும். வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். கழுவி முடியும்வரை விழுங்கவோ பேசவோ வேண்டாம். முனையை ஒரு துவாரத்தில் வைத்து அது அடைபடுகிற அளவுக்கு மட்டும் பொருத்துங்கள். மெதுவாக, ஒரே சீராக அமுக்குங்கள். இரண்டு மூன்று விநாடியில் தண்ணீர் மற்றத் துவாரத்தால் வழியத் தொடங்கும். பாதிப் போத்தலோடு நிறுத்தி, மெல்ல மூக்கைச் சிந்திவிட்டு, மறுபக்கம் மிச்சத்தை விடுங்கள். சிந்தும்போது இரண்டு துவாரத்தையும் பொத்திக்கொண்டு ஊதக் கூடாது.

காது அடைத்தால் அமுக்கம் கூடிவிட்டது, அல்லது நடுவில் விழுங்கியிருக்கிறீர்கள். தொண்டைக்குள் இறங்கினால் தலை போதிய அளவு குனியவில்லை. எரிந்தால் உப்பு கூடவோ குறையவோ போயிருக்கிறது. ஒருபக்கம் ஒரு சொட்டும் போகாமல் முற்றாக அடைத்திருந்தால் பலவந்தமாக அமுக்க வேண்டாம். காதில் வருத்தம் இருக்கும் நாட்களிலும் விட்டுவிடுங்கள். கழுவி அரை மணித்தியாலம் கழித்து, செருப்பை மாட்டக் குனியும்போது மூக்கால் தண்ணீர் கொட்டுகிறது என்று பயப்படுவார்கள். உள்ளே தங்கியிருந்த மிச்சம்தான் அது. முடிந்ததும் குனிந்தபடியே தலையை இடமும் வலமும் திருப்பிச் சில விநாடி நின்றால் அநேகமாக வெளியேறிவிடும். படுக்கப் போகிற நேரத்தில் செய்யாமல் ஒரு மணித்தியாலம் முன்னால் முடியுங்கள். பிள்ளைகளுக்கு டொக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

போத்தலின் பெரிய குறை அதன் பராமரிப்பு. கொழும்பு ஈரக்காற்றில் மூடி பூட்டி வைத்த போத்தல் நாள்முழுக்கக் காயாது. உள்ளே கிருமி படரும், அதையே அடுத்த நாள் மூக்கில் விடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரத் தண்ணீரால் குலுக்கிக் கழுவி, கொதித்தாறிய தண்ணீரால் அலசி, மூடி, குழாய், போத்தல் மூன்றையும் கழற்றிச் சுத்தமான துணியில் கவிழ்த்து வையுங்கள். குளியலறையில் வேண்டாம், காற்றோட்டமான குசினி யன்னல் பக்கம் நல்லது. 3 மாதத்துக்கு ஒருமுறை போத்தலையே மாற்றுங்கள். ஒருவருக்கு ஒரு போத்தல். வீட்டில் எல்லாருக்கும் ஒன்று என்பது ஒருவரின் தடிமனை மற்றவருக்குப் பங்கிடுவது.

மற்ற மருந்துகளோடு இதை எப்படி வைத்துப் பார்ப்பது? அலர்ஜி அடிப்படையாக உள்ளவர்களுக்கு மூக்கு ஸ்டீரொய்ட் ஸ்பிரேதான் துணை. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. கழுவிய பிறகு அடித்தால் மருந்து சளியில் படாமல் தோலில் படும். முகத்தைச் சற்றுக் கீழே வைத்து, வலக் கையால் இடது துவாரத்திலும் இடக் கையால் வலது துவாரத்திலும், முனை கண்ணின் வெளிமூலையைப் பார்க்க அடியுங்கள். நடுச்சுவரை நோக்கி அடித்தால்தான் இரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்ச வேண்டாம், தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய இரண்டு கிழமை ஆகலாம். மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று விடுவதுதான் பெரும்பாலானோர் செய்கிற பிழை.

உடனே மூக்கைத் திறக்கிற சைலோமெட்டசோலின், ஒக்ஸிமெட்டசோலின் சொட்டுகள் அதற்கு நேர்மாறு. 5 நாளுக்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கும் போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் நித்திரையே வராது.

வேது பிடித்தல் சுகமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் 871 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் செய்து 2016இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், நாட்பட்ட பீனிசக்காரருக்கு ஆவி சொல்லத்தக்க பலன் தரவில்லை. மூக்குக் கழுவியோருக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. சட்டியைச் சரித்துக் காலைச் சுடவைத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள், தொண்டைக்கு இதம், அதை யாரும் குறை சொல்லவில்லை.

அன்ரிபயோட்டிக்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைச் சளி என்றால் பக்டீரியா என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை வைரஸால் வந்து 10 நாளுக்குள் தணியும். 10 நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்தது திரும்ப ஏறினால், அல்லது 39 பாகை செல்சியஸ் காய்ச்சலும் முகவலியும் பழுதுச் சளியும் சேர்ந்து மூன்று நாலு நாள் நின்றால் டொக்டர் அதை யோசிப்பார். போன முறை மிஞ்சிய அமொக்சிசிலினை லாச்சியிலிருந்து எடுத்துப் போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது. கண்ணைச் சுற்றி வீக்கம், ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல், நெற்றி வீங்குதல், கழுத்து விறைத்தல் என்றால் காத்திருக்க வேண்டாம், 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரியாகக் கழுவியும் ஸ்பிரே அடித்தும் திரும்பத் திரும்ப வந்தால், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போகும் நேரம். தனியாரில் சனல் பண்ணலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இலவசம், நேரம் மட்டும் எடுக்கும். போவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்: எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம், இடையில் முற்றாகச் சுகமாக இருந்ததா. வருடத்துக்கு 4 தடவையோ மேலேயோ வந்து இடையில் சுகமாவது ஒரு வகை. 12 கிழமைக்கு மேல் விடாமல் நிற்பது வேறு வகை. வைத்தியமும் வேறு. ஒரே பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு என்றால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரைப் பார்க்கச் சொல்லுங்கள், பல் டொக்டரிடம் தீர வேண்டிய விஷயமாக இருக்கலாம். சளியே இல்லாமல் நெற்றி வலித்து, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது பல வேளை மைக்ரேன். அதற்கு இந்தப் போத்தலால் ஒன்றும் ஆகாது.

நடுச்சுவர் வளைவோ மூக்குத் தசை வளர்ச்சியோ இருந்தால் உள்நோக்குக் குழாயிலும் சீ.ரி. ஸ்கேனிலும் தெரியும், அதன் பிறகுதான் சத்திரசிகிச்சைப் பேச்சு. வாசல்களை அகலப்படுத்தும் அந்தச் சிகிச்சை செய்தால் கழுவும் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. காயம் ஆறும்வரை பொருக்குக் கழற்றுவதற்கே இது வேண்டும். அப்போது வாசல் திறந்திருப்பதால் தண்ணீர் குழிக்குள்ளேயே போகும். சிலருக்கு அந்த 240 மில்லிலீற்றரில் பியூடசொனைட் மருந்தைக் கலந்து கழுவவும் நிபுணர் எழுதிக் கொடுப்பார். அதனால் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போகும் நாளுக்கு முன்பே புதுப் போத்தல் ஒன்று வாங்கி, கை பழக்கிக்கொண்டு போங்கள்.