பங்கர் குழியா, சுண்ணாம்புப் புழையா? இறங்கும் அத்திவாரத்துக்கு எந்த வேலை பொருந்தும்

சித்தி வீட்டு அடுப்படித் தரையில் உலக்கையால் தட்டிக்கொண்டு போனால் எல்லா இடமும் 'டக், டக்' என்று கேட்கும். வடக்கு மூலையில் மட்டும் 'தொம்'. மீளக்குடியேறிய பிறகு கட்டிய வீடு அது. போன மாரியோடு அந்த மூலைச் சுவரில் சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு. ஒருவர் வந்து பார்த்து, சீமெந்துக் கிறவுட் அடித்தால், அதாவது சீமெந்துக் கலவையைக் குழாயால் நிலத்துக்குள் பம்ப் பண்ணினால், சரி என்றார். இன்னொருவர் ஃபோம், அதாவது பொங்கி இறுகும் நுரை, என்றார். மேசன் அண்ணை வெடிப்பைப் பார்க்கவே இல்லை. "அக்கா, பங்கர் எங்க வெட்டியிருந்தனீங்கள்?" என்றுதான் கேட்டார். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய குழிதான் பங்கர். சித்தி நின்ற இடத்திலிருந்தே காலால் காட்டினார்.

வன்னியில் எந்த வேலையைத் தெரிவு செய்வது என்பதற்கு முதல், எந்தக் குழி என்று தெரியவேண்டும். மழைத்தண்ணீர் கரைத்துப் புழை விழுத்தக்கூடிய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி, மன்னார் என்று மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை போகிறது. வவுனியாப் பக்கம் அடியில் இருப்பது பழைய கடும்பாறை. அது அப்படிக் கரையாது. அங்கே நிலம் உள்வாங்கினால் தூர்த்த கிணறு, பழைய மலசலகூடக் குழி, கறையான் புற்று, இல்லையேல் பங்கர் என்றுதான் முதலில் தேடுவேன். பங்கருக்கு மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டிருப்போம். குற்றியை எடுக்காமல் மேலே மண்ணைத் தள்ளி மூடிய இடங்களில், குற்றி உக்க உக்க மண் இறங்குகிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் ஆழம் என்றால் 3 கன மீற்றர் வெற்றிடம். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றை 25 லீற்றர் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 41 லீற்றர் கூழ். ஆக, வெறும் சீமெந்துக் கூழால் நிரப்ப 70 பைக்கு மேல் வேண்டும். தோண்டி நிரப்பினால் இறுக்கத்தையும் சேர்த்து ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிறவல் மண் போதும். மெசினும் தேவையில்லை. 15 சென்ரிமீற்றருக்கு ஒரு படையாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்கவேண்டும். அந்த இடிப்பில் பஞ்சிப்பட்டால் அடுத்த மாரியில் திரும்பவும் அதே கதைதான். சுவரின் கீழே கை வைப்பதென்றால் ஒரேயடியாகத் தோண்டக்கூடாது. 1 மீற்றர் துண்டாகத் தோண்டி, கொங்கிறீற் போட்டு, அது இறுகியபின் ஒன்று விட்டு அடுத்த துண்டு.

அப்படியானால் கிறவுட் எதற்கு? தோண்டமுடியாத இடத்துக்கு. பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லின் மேல் ஏற்கனவே மாடிக் கட்டடம் நிற்கிறது, புழை 5, 6 மீற்றர் ஆழத்தில் என்றால் வேறு வழி குறைவு. ஆனால் கிறவுட்டிலும் இரண்டு சாதி. கூழ் போன்றது எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேயெல்லாம் ஓடும். பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகலாம். சீமெந்துத் தண்ணீரின் காரத்தை யாரும் குடிக்கமாட்டார்கள். களி போலக் கட்டியாகக் குழைத்த மணல்-சீமெந்துக் கலவை போன இடத்தில் நின்று, சுற்றியுள்ள இளகின மண்ணை நெரித்து இறுக்கும். குழாயை அடிவரை இறக்கி, அரை மீற்றர் அளவில் மேலே இழுத்து இழுத்துப் பம்ப் பண்ணுவார்கள். நான் என்றால் இரண்டாவதைத்தான் கேட்பேன். பம்ப் ஓடும்போது சுவரில் லெவல் ரியூப்பை (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயை) கட்டி ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். தண்ணீர் மட்டம் குறியைவிட்டு அசைந்தால் நிறுத்தம். வீடு தூக்குப்படுகிறது என்று அர்த்தம்.

கட்டடம் இன்னும் எழும்பாத வெறுங்காணியில் புழை வாய் திறந்திருந்தால் கிறவுட்டைவிடக் கல்லே நல்லது. புழை ஒடுங்கும் தொண்டையைவிடப் பெரிய கல்லை அடியில் போட்டு, மேலே சிறிய கல், அதற்கு மேல் மணல். தண்ணீர் இறங்கும், மண் இறங்காது. கொங்கிறீற்றால் வாயை அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் திறக்கும்.

ஃபோம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு திரவம் கலந்து பொங்கி நிமிடங்களில் இறுகும், பாரமும் இல்லை. தாழ்ந்த தரையைத் தூக்க அருமையான சாமான். பங்கர் அளவு குழியில் ஊற்றுவது காசை ஊற்றுவதுதான். ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றினால் உள்ளே கடுமையாகச் சூடேறும்.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்காரருக்கு இந்த வேலை ஒன்றும் வேண்டாம். அங்கே குழி இல்லை; மண் மாரியில் ஊதி, கோடையில் பிளக்கிறது. ஊதுகிற மண்ணைக் கிறவுட் நிறுத்தாது. அந்த அசைவு எட்டாத ஆழத்துக்கு அத்திவாரத்தை இறக்குவதுதான் வழி. (காங்கேசன்துறையில் சீமெந்து செய்ய ஒருகாலத்தில் ரயிலில் போனது அந்தக் களிதான். திரும்பிச் சீமெந்தாக வந்தும் அதற்கு மருந்தாகவில்லை.)

எந்த வேலை என்றாலும், பங்கருக்குள் வெடிபொருள் ஏதும் விட்டுப்போனதா என்று பழைய ஆட்களிடம் விசாரிக்காமல் துளையும் போடவேண்டாம், அலவாங்கும் போடவேண்டாம். சந்தேகம் என்றால் பொலிசுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பதுதான்.

சித்தி வீட்டில் விசாரித்தபின் தோண்டினோம். உக்கின பனங்குற்றி கையால் பிய்த்தாலே நாராக வந்தது. கூரைத் தண்ணீர் இவ்வளவு காலமும் அந்த மூலையில்தான் விழுந்திருக்கிறது. பீலி போட்டுக் கேணிப் பக்கம் திருப்பிவிட்டோம். வெடிப்பின் குறுக்கே மேசன் அண்ணை ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பென்சிலால் திகதி எழுதியிருக்கிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். இன்னும் தெறிக்கவில்லை. மாரி தொடங்கும் ஐப்பசிக்கு இரண்டு மாதம் இருக்கிறது.