6 வருஷம் விறகு அறுத்ததில் செயின்சா மெஷினும் சேப்ஸும் எப்படி இருந்தன

முதலில் நான் வாங்கியது 60 சிசி செயின்சா (பல் வைத்த செயின் ஓடி மரம் அறுக்கும் மெஷின்), 20 இன்ச் பார் (அந்தச் செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). பெரிசாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு நினைப்பு. அரை மணி நேரத்திலேயே தோள் விட்டுப்போகும், கை தளர்ந்துவிட்டால் பார் நுனி எங்கே போகிறது என்ற கவனமும் போய்விடும், அந்த நுனியின் மேல்பக்கம் பக்கத்துக் கட்டையில் லேசாக இடித்தாலே மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும். இரண்டே வருஷத்தில் அதைத் தள்ளிவிட்டு 40 சிசி, 16 இன்ச்சுக்கு மாறினேன். விறகுக்கு வருகிற கட்டையில் முக்கால்வாசி ஒரு அடி கனம்கூட இருக்காது, இதுவே தாராளம்.

சிசியைவிட செயினின் கூர்தான் முக்கியம். அறுக்கும்போது மரத்தூள் செதில் செதிலாக விழுந்தால் சரி. மாவு மாதிரி கொட்டினால் பல் மழுங்கிவிட்டது, அரத்தை எடுக்கணும். இல்லையென்றால் மெஷினை நாமே அழுத்த ஆரம்பிப்போம், வம்பு அங்கேதான்.

சேப்ஸை, அதாவது பேன்ட்டுக்கு மேலே கட்டும் கால் கவசத்தை, வெக்கைக்குப் பயந்து முதல் வருஷம் தொடவே இல்லை. மூன்றாவது வருஷம் ஒரு கட்டையை அறுத்து முடித்து, செயின் நிற்பதற்குள் கையைத் தாழ்த்திவிட்டேன். இடது தொடையில் பட்டது. மேல்துணி நாலு விரல் அகலத்துக்குக் கிழிந்து, உள்ளேயிருந்த வெள்ளை நார் கொத்தாக உருவிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) சுற்றிக்கொள்ள, செயின் அப்படியே நின்றது. பேன்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நாரைப் பிளையரால் பிடுங்கி எடுக்கத்தான் ஒரு மணி நேரம். அந்த சேப்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டேன்; தைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், தையல் விழுந்த இடத்தில் நார் உருவிக்கொண்டு வராது. அப்புறம் லேபிளில் கிளாஸ் 1 என்றிருந்தால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினில் சோதித்தது என்று அர்த்தம். பேட்டரி மெஷினுக்கு இதை அதே அளவு நம்ப வேண்டாம், மோட்டாரின் இழுவை நாரையும் அறுத்துக்கொண்டு போகலாம்.

ஹெல்மெட்டோடு வருகிற வலை மூடி மூச்சுக்காற்றில் மங்காது, ஆனால் பொடித்தூள் உள்ளே வரும், அதனால் அடியில் கண்ணாடியும் போடுகிறேன். காதுமூடி இல்லாமல் ஸ்டார்ட்டே செய்வதில்லை, சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். அதன் பஞ்சு இரண்டு வருஷத்தில் கட்டியாகிவிட்டது, இடைவெளி விட்டு சத்தம் உள்ளே வர ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். பஞ்சு மட்டும் தனியாகக் கிடைத்தது, மாற்றிக்கொண்டேன்.