சென்சாரை மாற்றியதாகச் சொல்லித் துடைத்துக் கொடுத்த கடை: கேமரா வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுக்கும் நண்பர்களின் கவனத்துக்கு. கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாரில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யக் கொடுத்த என்னிடம், சென்சாரையே மாற்றிவிட்டதாகக் கூறி 18,500 ரூபாய் பெற்றுக்கொண்டு, பழைய சென்சாரைத் துடைத்து மட்டும் திருப்பிக் கொடுத்த ஒரு பழுதுபார்க்கும் கடையைப் பற்றியது இப்பதிவு. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை விவரமாகவே எழுதுகிறேன். இது எங்கும் நடக்கக்கூடியது.

தை மாதத்தில், வாடைக் காற்று ஓயாத நேரத்தில், தனுஷ்கோடிச் சாலையில் கேமராவுடன் நிற்பவர்களுக்கு அந்த நுண்மணலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றாமலே இருந்தாலும், ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் வருகிறது. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 5.6 அளவுக்கு அகலத் திறந்து எடுத்த பூநாரைப் படங்களில் எந்தக் குறையும் இல்லை. அதே நாளில் அரிச்சல்முனையில் அதை எஃப் 16-க்குச் சுருக்கி எடுத்த கடற்காட்சிகளில் மட்டும், வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

இந்த வேறுபாடு ஒன்றே அது தூசி என்பதற்குப் போதிய சான்று. தூசி சென்சாரின் மீது நேரடியாக உட்காருவதில்லை; அதற்கு முன்னே உள்ள வடிகட்டிக் கண்ணாடியின் மேல் உட்காருகிறது. அபெர்ச்சர் அகலத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வருவதால் அதன் நிழல் கரைந்துவிடுகிறது. சுருங்கும்போது ஒளிக்கற்றை ஒடுங்கி, நிழல் தெளிவாக விழுகிறது. சென்சாரே பழுதாகியிருந்தால், அந்தக் குறை அபெர்ச்சருக்கு ஏற்பத் தோன்றியும் மறைந்தும் ஆட்டம் காட்டாது.

இதைக் கடைக்காரரிடம் இரண்டு படங்களையும் காட்டியே சொன்னேன். அவர் கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்துல சென்சார் அரிச்சுப் போச்சு சார், இனிமே தொடைச்சாலும் நிக்காது, மாத்தித்தான் ஆகணும்" என்றார். சோதனைப் படம் ஒன்றுகூட அவர் எடுக்கவில்லை. திருமண வேலை ஒன்று ஒப்புக்கொண்டிருந்ததால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிக் காத்திருக்க அவகாசமில்லை. கண்ணாடிக்கு உட்பக்கமும் ஈரம் இறங்கிவிட்டது என்றும், புதிய சென்சாரை வரவழைத்துப் பொருத்தித் தருவதாகவும் அவர் உறுதி கூறியதன் பேரில் ஒப்புக்கொண்டேன்.

கேமரா திரும்பி வந்தபோது பெரும்பாலான புள்ளிகள் போயிருந்தன. எஃப் 22-இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தபோது, படத்தின் மேல் விளிம்பை ஒட்டித் திரவம் உலர்ந்த கறை ஒன்று கோடாகத் தெரிந்தது. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழச்செய்வதால், படத்தின் மேல் விளிம்பு என்பது சென்சாரின் கீழ் விளிம்பு. துடைக்கும் குச்சியான ஸ்வாப் வந்து நின்று திரும்பிய இடம் அது. புத்தம் புதிய சென்சாரில் துடைத்த தடம் எப்படி வந்தது?

ஐயத்தை உறுதிப்படுத்தியவை என்னுடைய பழைய பாம்பன் பாலப் படங்கள். இரவில் 30 விநாடி திறந்துவைத்து எடுத்த அந்தப் படங்களில், பாலத்துக்கு மேலே கறுத்த வானத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எப்போதும் இருக்கும். ஹாட் பிக்சல் என்பார்கள். நீண்ட எக்ஸ்போஷரில் தானாக ஒளிரும் இத்தகைய பிக்சல்கள் அந்தந்தச் சென்சாருக்கே உரியவை. அவற்றின் அமைவிடம் சென்சாருக்குச் சென்சார் வேறுபடும். லென்ஸ் மூடியைப் போட்டு, அதே 30 விநாடிக்கு ஒரு படம் எடுத்துக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். இடமிருந்து 4,418-ஆவது பிக்சல், மேலிருந்து 1,207-ஆவது பிக்சல்: அதே சிவப்புப் பொட்டு. அதனருகில் எப்போதும் மங்கலாகத் தெரியும் இரண்டு நீலப் பொட்டுகளும் இடம் மாறவில்லை. மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட சென்சார் என் கேமராவை விட்டு வெளியே போகவே இல்லை.

கடைக்காரரிடம் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். "புதுசுலயும் அப்படித்தான் சார் வரும்" என்றார். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டேன், குப்பையில் போட்டாகிவிட்டதாம். பாகத்தின் பெயருடன் ரசீது கேட்டேன். 'சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டையே மறுபடியும் நீட்டினார். பேச்சு முற்றியதும் பாதித் தொகையைத் தருவதாக இறங்கி வந்தார். நான் வாங்கவில்லை.

புள்ளிகள் விழுவது அரிய நோயன்று. 2012-இல் வந்த நிக்கான் டி600 கேமராவில் இத்தகைய புள்ளிகள் பெரும் புகாராகி, 2014-இல் அந்நிறுவனம் உத்தரவாதக் காலம் முடிந்தவற்றுக்கும் கட்டணமின்றிச் சுத்தம் செய்து, சென்சாருக்கு முன்னே திறந்து மூடும் திரையான ஷட்டரை மாற்றித் தந்தது. உலகறிந்த அந்தச் சிக்கலுக்கே ஷட்டரைத்தான் மாற்றினார்களே தவிர, சென்சாரை அல்ல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. முறையிட இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

கேமராவைப் பழுதுக்குக் கொடுக்கும் முன், எஃப் 22-இல் வெறும் வானத்தை ஒரு படமும், மூடியைப் போட்டு 30 விநாடிக்கு ஒரு படமும் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் முதலில் புளோயரால் ஊதச் சொல்லுங்கள்; மணல் ஒட்டியிருக்கும்போதே ஸ்வாபை இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். எந்தப் பாகத்தை மாற்றுவதாகச் சொன்னாலும், கழற்றியதை உங்கள் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று வேலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அதை எழுத மறுக்கும் கடையிலிருந்து கேமராவை அப்போதே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.