நேபாள மலைக்கிராமமா, இலங்கை மலையகமா?

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையைக் கோடை விடுமுறையில் வெளிநாட்டு மலைக்கிராமத் தொண்டுப் பணிக்கு அனுப்ப விரும்பும் மதுரைப் பெற்றோர் பலர், இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுகின்றனர்.

பயணம்: கொழும்புக்கு மதுரையிலிருந்தே விமானம் உண்டு. காத்மாண்டுவுக்கு இடையில் மாறிச் செல்ல வேண்டும், செலவும் கூடும்.

அனுமதி: நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. இலங்கைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம்.

உயரம்: மலையகத்து ஊரான நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர், கொடைக்கானலைவிடத் தாழ்வுதான். நேபாளக் கிராமங்கள் சில 2,500 மீட்டருக்கு மேல் இருப்பதால், தலைவலியும் குமட்டலுமாகத் தொடங்கும் மலைநோய் வரக்கூடும். உடல் பழகுவதற்கு நாள் ஒதுக்காத திட்டத்தை நான் ஏற்கமாட்டேன்.

எனக்கு முதன்மையாகப் படுவது மொழி. 19ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் மலையகத்தில் இன்றும் தமிழ் பேசுவதால், மாலை வகுப்பில் பிள்ளை தானே பாடம் சொல்லித்தரலாம். லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பாட்டிமாரிடம் கதையும் கேட்கலாம். நேபாளத்தில் மொழிபெயர்ப்பவர் இல்லாமல் வேலை நடக்காது. ஆயினும் தமிழே காதில் விழாத ஊரில் இரு வாரம் சமாளிப்பதும் ஒரு படிப்புத்தான்.

வேலை: இரண்டிடத்திலும் சுவருக்கு வண்ணம் பூசச் சொன்னால் தயங்குங்கள், அது உள்ளூர்த் தொழிலாளியின் கூலி.

முதன்முறை வீட்டைப் பிரியும் பிள்ளைக்கு மலையகம் பொருந்தும். மலையேறிப் பழகிய, ஓரளவு இந்தி தெரிந்த பிள்ளைக்கு நேபாளம். ஆனால் ஜூன் மழை தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும்.