டைகோ எல்எஃப்பி ஆன்டிஃப்ரீஸ்: ஸ்பிரிங்க்ளருக்கு நம்பலாமா?

தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய் குளிரில் உறையாமல் காக்கும் திரவம் இது. நம்பலாம், அளவறிந்து. 2009இல் கலிஃபோர்னியாவின் டிரக்கியில், சமையலறைத் தீயில் பாய்ந்த ஆன்டிஃப்ரீஸ் கரைசலே பற்றியெரிந்து ஓர் உயிர் போனது. இத்தகைய கரைசல்களில் சேரும் கிளிசரினும் கிளைக்காலும் (glycol) நுண்துளியாகச் சிதறும்போது எரிபொருள்தான். அடர்த்தி கூடக்கூட ஆபத்து. அதனால்தான் அமெரிக்காவின் ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பு விதியான என்எஃப்பிஏ 25, 2022 செப்டம்பர் 30க்குப் பின் பட்டியலிட்ட, அதாவது சோதனைக்கூடம் சோதித்து ஏற்ற, கரைசலையே கேட்கிறது. இது அப்படிப்பட்டது: கிளிசரின் அடிப்படை, ஆலையிலேயே கலந்தது. தண்ணீரோ பழைய கரைசலோ சேர்க்கவே கூடாது. பழையதை முழுக்க வடித்து, குழாயை அலசிவிட்டு நிரப்புங்கள். சிபிவிசி எனும் பிளாஸ்டிக் குழாய்க்கு ஒத்துவரும், புரொப்பிலீன் கிளைக்கால் தனியாக என்றால் அதை விரிசலாக்கும். துத்தநாகம் பூசிய குழாயில் வேண்டாம். ஆண்டுதோறும் குளிருக்கு முன் குழாயின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் மாதிரி எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் அடர்த்தி காட்டும் கருவி) பாருங்கள். வேறுபட்டால் தண்ணீர் கலந்திருக்கலாம். மைனஸ் 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் ஊர்களுக்கு இது போதாது, தீ வரும்வரை குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கும் உலர்குழாய் முறைதான் சரி.